பார்த்தது ஒன்பது

மாமா சொல்லும் அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் கதையை நான் பல வருசங்களாகவே நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்லிக்கொள்ளும்போதே அது முழுக்கச் சரியில்லை என்றும் படுகிறது. அவர் சொல்ல ஆரம்பித்தால் எல்லோரையும்போல நானும் சிரிக்கத்தான் செய்கிறேன், சிரிக்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே சிரிப்பு வந்துவிடுகிறது, சிரித்து முடித்து வாயைத் துடைக்கும்போதுதான் உள்ளே எங்கோ இடறுகிறது, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, வலிக்காது, நாக்கு மட்டும் திரும்பத் திரும்ப அங்கேயே போகும். இப்போது அந்த மாமா, அம்மாவின் தம்பி, எனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். துளை போட்ட ஸ்டீல் பெஞ்சு, சுவரில் டோக்கன் போர்டு, போர்டில் இருபத்தெட்டு, என் கையில் நாற்பத்தொன்று. எழுபத்தெட்டு வயதில் சட்டைக் காலர் வரை பட்டன் போட்டு, நேராக உட்கார்ந்து, ஒவ்வொரு எண் மாறும்போதும் அவரை யாரோ கூப்பிட்டதுபோல லேசாக நிமிர்கிறார். எனக்கு அந்தப் பக்கம் ஜெயக்கொடி, என் மனைவி, ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். ஃபைலுக்குள் என் குடலைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து இருபத்தாறு நாள். இன்றைக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். மருந்து எடுத்துக்கொள்கிறேனா, அல்லது மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து காட்டிவிட்டு மட்டும் போகிறேனா. டாக்டர் ரெஜினா போன வாரம் அப்படித்தான் கேட்டார், காப்பியா டீயா என்று கேட்கும் குரலில், அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது, பிறகு வீட்டுக்கு வந்து அந்தக் குரலை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ரிப்போர்ட்டில் ஒரு வரி. பார்க்கப்பட்ட நிணநீர்க் கணுக்கள் ஒன்பது, பாதிக்கப்பட்டவை பூஜ்யம். அதைப் படித்ததும் ஜெயக்கொடி கண்ணை மூடிக் கும்பிட்டாள், நானும் உள்ளுக்குள் ஏதோ இறங்கியதுபோல உணர்ந்தேன், டாக்டர் மட்டும் பேனாவால் அந்த ஒன்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பூஜ்யத்துக்கு இல்லை, ஒன்பதுக்கு. கட்டி குடலின் சுவரைத் தாண்டியிருக்கிறது, ஆனால் வெளியே வேறு எதையும் தொடவில்லை, ஓரங்கள் சுத்தம், கணுக்களில் எதுவும் இல்லை, எல்லாம் நல்ல செய்திதான், ஆனால் பன்னிரண்டு கணுவாவது பார்த்திருந்தால் நான் தைரியமாக இல்லை என்று சொல்வேன், ஒன்பது என்றால் பார்த்தவரைக்கும் இல்லை என்றுதான் சொல்ல முடியும் என்றார். பார்த்தவரைக்கும் இல்லை. அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக நான் என்னென்னவோ செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு அது புதிதில்லை, அதுதான் என் வேலையே. இருபத்தொன்பது வருசமாக மண் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறேன். ஒரு ஏக்கருக்குப் பத்து இடத்தில், வளைந்து வளைந்து நடந்து, ஆங்கில வி எழுத்து மாதிரி குழி வெட்டி, ஓரத்தைச் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகத்தைத் தள்ளி, மறுபடி கலந்து, மறுபடி பிரித்து, கடைசியில் விவசாயி கொண்டு வருவது அரைக் கிலோ. அந்த அரைக் கிலோவில் பத்துக் கிராம் எடுத்துத்தான் ஒரு ஏக்கர் நிலத்துக்கும் என்ன குறை என்று நான் எழுதிக் கொடுக்கிறேன். அது எனக்கு ஒருநாளும் வேடிக்கையாகத் தோன்றியதில்லை. இப்போது யாரோ ஒருவர், முகம் தெரியாதவர், எங்கோ ஒரு அறையில் என் குடலோடு ஒட்டியிருந்த கொழுப்பை விரலால் பிசைந்து பிசைந்து பாசிப்பயறு அளவில் கணு இருக்கிறதா என்று தேடியிருக்கிறார். அவரைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. கோபத்தில் இல்லை. எப்படித் தேடினீர்கள் என்று கேட்க. கண்ணாலா, விரலாலா. ஒன்பது கிடைத்ததும் போதும் என்று தோன்றியதா, அல்லது பத்தாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போது டீ வந்துவிட்டதா. அல்லது என் உடம்பில் அந்த இடத்தில் மொத்தமே ஒன்பதுதானா, சிலருக்கு அப்படியும் இருக்குமாம், டாக்டரே சொன்னார். அப்படியானால் பார்க்காத மூன்று என்று நான் பயப்படும் மூன்று, இல்லவே இல்லாத மூன்று. இல்லாததற்கும் பார்க்காததற்கும் உள்ள வித்தியாசம் பேப்பரில் எங்கேயும் எழுதப்படவில்லை. தையல் போட்ட இடம் சுருக்கென்று இழுக்கிறது. உட்கார்ந்த நிலையை மாற்றிக்கொள்கிறேன். மாமா திரும்பிப் பார்த்து, "இழுக்குதா மாப்ளே" என்கிறார். லேசா என்கிறேன். "இழுக்கணும், இழுத்தாத்தான் ஆறுதுன்னு அர்த்தம்," என்று சொல்லிவிட்டு மறுபடி போர்டைப் பார்க்கிறார். போர்டில் முப்பத்தொன்று.

டாக்டர் போன வாரம் ஒரு ஃபாரம் கொடுத்தார். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று ஒரு கேள்வி, எதிரே ஒரு கட்டம். நான் இல்லை என்று எழுதினேன். பேனா தயங்கவே இல்லை, அதை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது, இத்தனை வருசச் சந்தேகம் அந்த இடத்தில் ஒரு நொடிகூட எட்டிப் பார்க்கவில்லை. டாக்டர், உங்கள் அப்பா எப்போது இறந்தார் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். நாற்பத்தெட்டு வயதில் என்றேன். எதனால் என்றார். மஞ்சள் காமாலை என்றேன். அதற்கு முன்னால் உடம்புக்கு ஏதாவது என்றார். ஒன்றரை வருசம் முன்னால் குடலில் ஒரு கட்டி, எடுத்தார்கள், சாதாக் கட்டி என்று ரிசல்ட் வந்தது என்றேன். ரிப்போர்ட்டை நீங்கள் பார்த்தீர்களா என்றார். இல்லை. வீட்டில் யாராவது. மாமா சொன்னார். "சார், தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. இல்லைன்னு எழுதாதீங்க," என்றார், கடுமையாக இல்லை, ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்த வாசகத்தை எத்தனை புது ஆட்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். பிறகு அவர் விளக்கினார். இது குடும்பத்தில் வருகிற வகையாக இருந்தால் எனக்குக் கொடுக்க நினைக்கும் மாத்திரை சிலருக்கு வேலையே செய்யாதாம், அவர்களுக்குக் கொடுக்காமல் விடுவதுதான் நல்லதாம். அதற்கென்று கட்டியில் மிச்சம் இருப்பதில் ஒரு டெஸ்ட் உண்டு, அனுப்பத்தான் போகிறார், ஆனால் அந்த டெஸ்ட் தனியாக நின்றால் பாதிதான் சொல்லும், அப்பா விசயம் தெரிந்தால் மீதியும் தெரியும். அதோடு, உங்கள் மகளுக்கு என்ன வயது என்றார். இருபத்துநாலு என்றாள் ஜெயக்கொடி. உங்கள் அப்பாவுக்கும் அதே நோய் என்றால் மகளுக்கு இப்போதே குடலைப் பார்த்துவிட வேண்டும், காத்திருக்கக் கூடாது என்றார். இலக்கியா ஓசூரில் வேலை பார்க்கிறாள். போனில் பேசும்போதெல்லாம் வயிறு சரியில்லை என்பாள், நான் ஹாஸ்டல் சாப்பாடு என்பேன், அவளும் ஹாஸ்டல் சாப்பாடு என்பாள். எத்தனை தரம் சொன்னாள், தீபாவளிக்கு வந்தபோது ஒருதரம், அப்புறம் பொங்கலுக்கு, நடுவில் எத்தனை. நான் எண்ணவில்லை. யார் எண்ணுவார்கள். போர்டில் முப்பத்துமூன்று. மாமாவை இன்றைக்குத் துணைக்குக் கூட்டி வந்ததாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நீங்களும் வாங்க மாமா என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்து அப்போதே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

அந்தக் கதை இப்படிப் போகும். எண்பத்தேழு, சித்திரை மாதம். அப்பா ஜின்னிங் பேக்டரியில் பிட்டர். எங்கள் ஊர் நர்சிங்ஹோமில் ஆபரேஷன். டாக்டர் வெளியே வந்து, எடுத்ததை ஒரு டிரேயில் வைத்து அம்மாவிடமும் மாமாவிடமும் காட்டினார், அப்போது அதுதான் வழக்கம், என்ன எடுத்தோம் என்று வீட்டாள் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில் கொண்டு வரச் சொன்னார்கள். அதில் மருந்துத் தண்ணீர் ஊற்றி, அதைப் போட்டு, மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டி, மதுரையில் இன்ன லேபில் கொடு என்று மாமா கையில் கொடுத்துவிட்டார்கள். அதுவும் வழக்கம்தான். மாமா மஞ்சள் பையில் வைத்து பஸ் ஏறுகிறார். மருந்து நெடி. பக்கத்தில் இருந்த அம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விடுகிறாள். கண்டக்டர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பையில் என்ன என்கிறான். மாமா நார்த்தங்காய் ஊறுகாய் என்கிறார். "என்னய்யா இது, கெட்டுப்போச்சா" என்கிறான் அவன். "இல்ல தம்பி, மாமியார் போட்டது" என்கிறார் மாமா. இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், கல்யாண வீடு, காதுகுத்து, எங்கேயாக இருந்தாலும், அம்மாகூடச் சிரிப்பாள், அம்மா சிரிப்பதைப் பார்த்து மாமா இன்னும் கொஞ்சம் சேர்ப்பார், முழு சீட்டும் அவருக்குத்தானாம், மதுரை வரைக்கும் ஒத்தை ஆளாகக் காலை நீட்டிக்கொண்டு போனாராம். கண்டக்டருக்குத் தெத்துப்பல். ஜன்னல் கம்பியில் துரு. திருமங்கலத்தில் ஏறினவர் கையில் சேவல். எல்லாம் இருக்கும். பிறகு, அடுத்த வாரம் போய்க் கேட்டேன், சாதாக் கட்டி, ஒண்ணுமில்லைன்னுட்டான் என்பார். கதை முடிந்துவிடும். பேப்பர் எங்கே என்று அப்பா ஒருதரம் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது, சட்டைப் பையில் வைத்திருந்தேன் மச்சான், துவைக்கப் போட்டுட்டாக, கூழாப் போச்சு என்றார். அப்பா சிரித்தார். ஒன்றுமில்லை என்று வந்த பேப்பர் கூழாகப் போனால் யாருக்கு என்ன.

இருபத்தொன்பது வருசமாக ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மண் பையை வாங்கும் எனக்கு ஒன்று தெரியும். லேபுக்கு வந்துபோன மனிதன் லேபைப் பற்றித்தான் பேசுவான். படி ஏறி மூச்சு வாங்கினது, அங்கே போ இங்கே போ என்று அலைக்கழித்தது, ஜன்னலில் இருந்தவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் அங்கே வை என்றது. மாமா கதையில் வழி இருக்கிறது, லேபு இல்லை. தெத்துப்பல் கண்டக்டர் இருக்கிறான், பாட்டிலை வாங்கினவனுக்கு முகம் இல்லை. அப்புறம் மணல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சியில் மண்ணை விரலில் நனைத்துத் தேய்த்துப் பார்க்கச் சொன்னார்கள், களியா வண்டலா மணலா என்று. ஆற்று மணலைத் தேய்த்தபோது எனக்கு நர்சிங்ஹோம் வராந்தா ஞாபகம் வந்தது. மாமா மதுரையிலிருந்து திரும்பி வந்து அந்த மஞ்சள் பையை என்னிடம் கொடுத்து உதறி வை என்றார், நான் உதறினேன், தையல் மடிப்பிலிருந்து மணல் கொட்டியது, பருமணல், சுத்தமானது, வெயிலில் மினுங்கியது. எங்கள் ஊர் கரிசல். அங்கே ஒரு கை மணல் வேண்டுமென்றால் லாரியில்தான் வர வேண்டும். மதுரையில் லேபுக்கு இறங்க வேண்டிய ஸ்டாப், ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால். இறங்கி வலது கைப் பக்கம் திரும்பினால் லேபு இருந்த தெரு. இடது கைப் பக்கம் படிக்கட்டு, கீழே ஆறு, சித்திரையில் தண்ணீர் இருக்காது, வெறும் மணல். ஆனால் இதையும் நான் முழுசாக நம்பவில்லை. மணல் எங்கே வேண்டுமானாலும் ஒட்டும், தெருவில் யாராவது வீடு கட்டிக்கொண்டிருந்திருக்கலாம். மண் ஆபீசில் வேலை பார்க்கிறவன் ஞாபகத்தில் மணல் தானாக வந்து சேர்ந்துகொண்டிருக்கவும் கூடும். மினுங்கியது என்று எதை வைத்துச் சொல்கிறேன். பதினேழு வயதில் நான் பார்த்ததா, இருபத்தைந்து வயதில் தேய்த்ததா. இப்படியே போய்ப் போய் ஒவ்வொரு தடவையும் கேள்வியைக் கேட்காமல் இருந்துவிடுவேன்.

என் ஆபரேஷன் அன்றைக்கு மாமா நர்ஸிடம் கேட்டாராம், எடுத்ததை என்ன செய்வீர்கள் என்று. அவள் இங்கேயே லேபு இருக்கிறது, நாங்களே அனுப்பிவிடுவோம் என்றிருக்கிறாள். பார்த்து முடித்த பிறகு என்றாராம். அவள் அதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்கள் தாத்தா என்றாளாம். ஜெயக்கொடிதான் சொன்னாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், "ஒரு மனுசனோடதும்மா, கண்ட இடத்துல போட்றக் கூடாதுன்னு அந்தப் பிள்ளைகிட்டப் போய்ச் சொல்லிட்டிருக்காருங்க." நான் மயக்கம் முழுதும் தெளியாமல் படுத்திருந்தேன், ஆனால் அந்த வாக்கியம் மட்டும் நேராக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்குக் காலையில் டவுன் பஸ் அதே ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது மாமா செருப்பிலிருந்து காலை உருவி வெறுந்தரையில் வைத்தார். எப்போது அந்தப் பாலத்தைத் தாண்டினாலும் அப்படித்தான் செய்வார். அழகர் இறங்குகிற ஆறு, அதற்காக என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இருக்கலாம், அதற்காகவே இருக்கலாம். அன்றைக்கு, எண்பத்தேழில், கண்ணாடிப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஒரு மனிதன் போகிறான். உள்ளே அக்கா புருசனுடைய ஒரு துண்டு. யாரோ முகம் தெரியாதவன் அதை அறுத்து, பார்த்து, பிறகு வாளியில் கொட்டுவான். மாமாவுக்கு அப்போது நாற்பத்தொன்று. அப்பா மேல் உயிர். இறங்கி நிற்கிறார், இந்தப் பக்கம் லேபுத் தெரு, அந்தப் பக்கம் ஆறு, கையால் தோண்டிப் புதைக்க மணல். பிறகு ஊருக்கு வந்தால் அம்மா கேட்கிறாள், என்ன சொன்னாங்க. அவரால் என்ன சொல்லியிருக்க முடியும். தெரியலை என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் ரெஜினா மாதிரி யாராவது அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தால். போர்டில் முப்பத்தெட்டு. ஒன்றரை வருசம். அந்த ஒன்றரை வருசம் அப்பா சைக்கிள் மிதித்தார், பேக்டரிக்குப் போனார், அம்மாவோடு கழுகுமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார், ஒன்றுமில்லை என்று வந்ததற்காக. அந்த மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவர் சிரித்த ஒரு போட்டோதான் இன்றும் எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. பேப்பர் சரியாக வந்திருந்தால் அந்தப் போட்டோ இருக்காது. அதற்குப் பதில் வேறு என்ன இருந்திருக்கும், இன்னும் பத்து வருசமா, அல்லது அதே ஒன்றரை வருசம், ஆஸ்பத்திரியிலா. எண்பத்தேழில் என்ன மருந்து இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததை மாமா தலையில் எழுத எனக்கு என்ன யோக்கியதை. தெரியாததை நானே ஒருதரம் எழுதியிருக்கிறேன். ஒரு ஐப்பசியில் கூரை ஒழுகி பதினாலு மண் பை நனைந்து, பெயர்ச் சீட்டு கரைந்து, எது யாருடையது என்று தெரியாமல் கலந்துபோனது, கடைசித் தேதி மறுநாள், பக்கத்து ஊர் அளவுகளை அங்கங்கே ஒரு புள்ளி கூட்டிக் குறைத்துப் பதினாலு மண்வள அட்டையிலும் எழுதிக் கொடுத்தேன். வந்தவர்கள் வாங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த வருசம் அவர்கள் நிலத்தில் என்ன விளைந்தது என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்காததால் எதுவும் ஆகவில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெயக்கொடி எழுந்து, சீல் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, கவுண்டரில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று போகிறாள். போர்டில் முப்பத்தொன்பது. எனக்கும் மாமாவுக்கும் நடுவில் அவருடைய தண்ணீர் பாட்டில் மட்டும் இருக்கிறது. மாமா குரலைத் தாழ்த்தி, என்னப்பா முடிவு பண்ணியிருக்கே என்கிறார். இன்னும் இல்லை என்கிறேன். "மருந்துன்னா எடுத்துக்கோ மாப்ளே. உங்க அப்பாவுக்குத்தான் தேவையில்லாமப் போச்சு. உனக்குத் தேவைன்னா எடுத்துக்கோ," என்கிறார். அவர் கண்ணைப் பார்க்கிறேன். புரை எடுத்த கண், தெளிவாக இருக்கிறது, அதில் ஒளித்துவைத்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை. முப்பத்தேழு வருசம் சொல்லிச் சொல்லி அவருக்கே அது நடந்ததாக ஆகிவிட்டதோ. அல்லது நடந்ததுதானோ. லேபில் கொடுத்து, அவன் ஒன்றுமில்லை என்று சொல்லி, உண்மையாகவே பேப்பர் கூழாகப் போயிருந்தால், நான் இந்த மனிதரை இத்தனை வருசம் உள்ளுக்குள் வைத்து என்ன செய்துகொண்டிருந்தேன். அப்பா போன பிறகு என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க அலைந்தவர், இலக்கியாவுக்கு மடியில் உட்காரவைத்துக் காது குத்தியவர். இலக்கியா. ஹாஸ்டல் சாப்பாடு. போர்டில் நாற்பது. எழுந்து நிற்பதற்கு முன் எனக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம். லேபில் கொடுத்தீர்களா என்று கேட்டால் கொடுத்தேன் என்பார். நாற்பதாம் நம்பர் உள்ளே போன கதவு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. பத்து இடத்தில் வெட்டினீர்களா என்று விவசாயியிடம் நான் ஒருநாளும் கேட்பதில்லை, எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். முதல் குழி எந்தப் பக்கம் வெட்டினீர்கள் என்றுதான் கேட்பேன், வெட்டினவன் உடனே கையை நீட்டிக் காட்டுவான், வெட்டாதவன் என் முகத்தைப் பார்ப்பான். எந்தப் பதில் வந்தாலும் இவர் என் மாமாதான் என்று எனக்கு நானே ஒருதரம் சொல்லிக்கொள்கிறேன். தண்ணீர் பாட்டிலை எடுத்து என் காலடியில் வைத்துவிட்டு அவர் பக்கம் நகர்ந்து உட்கார்கிறேன், தையல் இழுக்கிறது, அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன், எலும்பும் தோலுமாகச் சூடாக இருக்கிறது, அவர் ஒன்றும் புரியாமல் சிரித்து, என்ன மாப்ளே என்கிறார்.

"மாமா, அன்னைக்கு அந்த ஸ்டாப்ல பஸ்ஸ விட்டு இறங்கினதும், எந்தப் பக்கம் திரும்புனீங்க?"